டெல்லோவுக்குச் செய்த காலும் கண்ணாடியும், கூடவே பறக்கும் நேரக் கணக்கும்

டெல்லோ 2018இல் வந்த குட்டி ட்ரோன். ஷென்ஜெனில் இருக்கும் ரைஸ் நிறுவனம் செய்தது, பறக்கும் தொழில்நுட்பம் டிஜேஐ கொடுத்தது, உள்ளே இருக்கும் சிப் இன்டெல்லுடையது. பேட்டரி, ப்ராப் (சுழலும் இறக்கை) எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 80 கிராம்தான். வைஃபை வழியாகச் சாதாரண எழுத்துக் கட்டளைகளை அனுப்பியே ஓட்டலாம் என்பதால், பிள்ளைகளுக்குப் பைத்தான் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல இயந்திரம் எனக்குத் தெரியவில்லை. எழுதிய நிரல் கண்ணெதிரே எழுந்து நிற்கும்போது பிள்ளைகள் முகத்தில் வருவதைத் திரையில் ஓடும் எந்த நிரலும் வரவழைக்காது.

இந்த முறை நான் செய்ய நினைத்தது, தரையில் ஒட்டிய கறுப்பு டேப்பைப் பார்த்துக்கொண்டே அதன்மேல் பறந்து போவது. டெல்லோவின் கேமரா முன்னால் பார்க்கிறது. அடியில் இன்னொரு சின்ன கேமராவும் தூரம் அளக்கும் சென்சாரும் உண்டு. ஆனால் அவை ட்ரோன் ஒரே இடத்தில் நிற்பதற்காக வைக்கப்பட்டவை. சாதாரண டெல்லோவில் அந்தக் கீழ்க் கேமராவின் படம் நம் கைக்கு வராது. ஆகவே முன் கேமராவுக்கு எதிரே 45 டிகிரி சாய்வில் ஒரு கண்ணாடித் துண்டை மாட்டிக் கீழே பார்க்கவைக்க வேண்டும். அப்படி மாட்டினால் கண்ணாடியின் கீழ் விளிம்பு ட்ரோனின் வயிற்றைவிடத் தாழ்வாக வரும், இறங்கும்போது தரையில் இடிக்கும். அதனால் காலையும் உயர்த்த வேண்டும். கண்ணாடி ஒன்று, கால் நான்கு. இவ்வளவுதான் வேலை. பாகங்களை 3டி பிரிண்டரில் அச்சடித்துக்கொள்கிறேன். இதற்கு விலையாகப் பறக்கும் நேரத்தில் எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைத்தான் விவரமாக எழுதப்போகிறேன்.

பழைய இயந்திரத்துக்கு ஏன் இவ்வளவு பாடு என்றால், வெளிநாட்டில் முழுதாகச் செய்த ட்ரோன்களை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரி 9 முதல் தடை இருக்கிறது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்றவற்றுக்குத்தான் விலக்கு. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. கையில் இருப்பதைப் பேணி, வேண்டியதை நாமே செய்து மாட்டிக்கொள்வது இங்கே பொழுதுபோக்கு மட்டுமல்ல, தேவையும்தான். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை நானோ வகை, அதை ஓட்ட பைலட் சான்றிதழ் வேண்டாம். நம் ஆள் அந்த வரம்பின் பக்கத்தில்கூடப் போகப்போவதில்லை. மேலும் சோதனை எல்லாமே கூரைக்குக் கீழே.

முதலில் அளவெடுப்பு. டெல்லோவின் மோட்டார் உட்கார்ந்திருக்கும் கூடு நேரான உருளை இல்லை, கீழே போகப் போக ஒடுங்குகிறது. வெர்னியரை எங்கே பிடிக்கிறோமோ அதற்கேற்ப ஒரு எண் வரும். எனக்குக் கைகொடுத்தது அலுவலக ஸ்கேனர். ப்ராப்பைக் கழற்றிவிட்டு ட்ரோனை ஸ்கேனர் கண்ணாடிமேல் பக்கவாட்டில் வைத்து, கூடவே ஒரு இரும்பு ஸ்கேலையும் வைத்து ஸ்கேன் எடுத்தேன். அந்தப் படத்தை வரைகலை மென்பொருளில் போட்டு, ஸ்கேலின் கோடுகளுக்குப் பொருந்தும் வரை பெரிதாக்கி, அதன்மேலேயே கோடு இழுத்தால் கூட்டின் வளைவு அப்படியே கிடைத்துவிடும். வரைந்தது ஓபன்ஸ்கேடில், அளவுகளை நிரலாக எழுதிப் பாகம் வரையும் மென்பொருள் அது. கால் உயரம், கிளிப் தடிமன், இடைவெளி மூன்றையும் மேலே மாறிகளாக எழுதிவைத்துவிட்டால், ஒரு எண்ணை மாற்றி அடுத்த நிமிடமே புதிய பாகத்தை அச்சுக்கு அனுப்பலாம்.

கூட்டில் மாட்டும் கிளிப் பகுதி டிபியூ பிளாஸ்டிக்கில், கால் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில். டிபியூ ரப்பர் மாதிரி விரிந்து கொடுப்பதால் கூட்டைக் கவ்விப் பிடிக்கிறது, உரசல் தடமும் விழுவதில்லை. பிஎல்ஏ விறைப்பானது, மெல்லியதாகச் செய்தாலும் வளையாது. அதற்குப் பயம் ஒன்றே ஒன்று, வெயில். 60 டிகிரி செல்சியஸ் பக்கம் போனாலே பிஎல்ஏ இளக ஆரம்பிக்கும். ஏப்ரல், மே மாதத்தில் ஜன்னல்களை மூடிய காருக்குள் டாஷ்போர்டுமேல் வைத்தால் கால் நான்கும் நான்கு பக்கம் பார்க்கும். வெளியூர் எடுத்துப் போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் வெப்பம் தாங்கும் பிஇடிஜி பிளாஸ்டிக்கில் அச்சடிப்பது நல்லது. எடை வித்தியாசம் கண்டுகொள்ளும் அளவுக்கு இல்லை.

எல்லாவற்றையும் நிறுக்க நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற பாக்கெட் தராசு போதும், 0.01 கிராம் வரை காட்டும். வரைந்ததை அச்சுக்குத் தயார்செய்யும் ஸ்லைசர் மென்பொருளும் எடையைச் சொல்லும். ஆனால் அது கணக்குப் போட்ட எடை, தராசு சொல்வதுதான் எடை.

இப்போது நேரத்தை அளக்கும் முறை. என்னைக் கேட்டால் பாகம் வரைவதைவிட இதில்தான் அதிகக் கவனம் வேண்டும். அளவு சரியாக இல்லையென்றால் எந்த வடிவம் நல்லது என்று முடிவெடுக்கவே முடியாது.

தயாரிப்பாளர் சொல்லும் 13 நிமிடம், காற்றே இல்லாத இடத்தில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது கிடைப்பது. நான் அளந்தது ஒரே இடத்தில் நிற்பதை, அதுவும் வீடியோ ஓடிக்கொண்டிருக்க, பேட்டரி 15 சதவீதத்தைத் தொடும் வரை. இந்த அளவுகோலில் எதுவும் மாட்டாத வெறும் டெல்லோ எனக்கு ஏறக்குறைய 11 நிமிடம் நின்றது. இதை 13உடன் ஒப்பிட்டு வருத்தப்பட ஒன்றுமில்லை. இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில்கள்.

ட்ரோன் தன் நிலவரத்தை 8890 என்ற நெட்வொர்க் போர்ட் வழியாக இடைவிடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பேட்டரி சதவீதம், மோட்டார் ஓடிய நொடிகள், உள்வெப்பம், தரையிலிருந்து தூரம் எல்லாமே ஒரே வரியில் வரும். அதை அப்படியே கோப்பில் எழுதிக்கொள்ளும் பைத்தான் நிரல் இருபது வரிகூடத் தாண்டாது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. 15 நொடி எந்தக் கட்டளையும் வராவிட்டால் டெல்லோ தானாகவே இறங்கிவிடும். எனவே சில நொடிகளுக்கு ஒருமுறை ஆர்சி கட்டளையை நான்கு பூஜ்யங்களோடு அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். எந்தப் பக்கமும் நகராதே, அப்படியே நில் என்று பொருள்.

தரை ரொம்ப முக்கியம். பளபளக்கும் கிரானைட்டும் ஒரே நிறத்து டைல்ஸும் கீழ்க் கேமராவுக்குப் பிடிமானம் தருவதில்லை. ட்ரோன் மெல்ல நழுவும், திரும்ப இழுத்துக்கொள்ளும், மறுபடி நழுவும். ஒவ்வொரு இழுப்புக்கும் மின்சாரம் செலவு. ஜமக்காளம் விரித்தால் அதன் கோடுகள் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருவதால் அதுவும் சரிப்படாது. பழைய செய்தித்தாள்களை ஒழுங்கில்லாமல் பரப்பி, ப்ராப் காற்றில் பறக்காதபடி ஓரங்களை டேப் போட்டு ஒட்டினால் கப்பென்று ஒரே இடத்தில் நிற்கும். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, மார்பு உயரத்துக்கு ஏற்றி நிறுத்த வேண்டும். தரைக்கு ரொம்பப் பக்கத்தில் பறந்தால் ப்ராப் தள்ளும் காற்று தரையில் மோதித் தாங்கிக்கொடுக்கும், நேரம் கூடுதலாகக் காட்டும். அறை சின்னதாக இருந்தால் சுவரில் மோதித் திரும்பும் காற்று ட்ரோனை ஆட்டும். கூடம்தான் சரி.

பேட்டரிகளும் ஒன்று போல் ஒன்று இருக்காது. மேலே ஸ்டிக்கர் ஒட்டி அ, ஆ, இ என்று எழுதிவைத்திருக்கிறேன். ஒப்பிடும் சோதனைகள் எல்லாம் ஒரே பேட்டரியில், சார்ஜ் முடிந்து சூடு ஆறிய பிறகு. புதிய பாகத்தைச் சோதித்ததும், எதுவும் மாட்டாத நிலையில் இன்னொரு முறை பறக்கவிட்டு, பழைய 11 நிமிடத்துக்குத் திரும்புகிறதா என்று பார்ப்பேன். திரும்பவில்லையென்றால் பேட்டரியோ மோட்டாரோ மாறியிருக்கிறது, நடுவில் எடுத்த அளவை நம்பக் கூடாது. டெல்லோவில் இருப்பவை பிரஷ் வைத்த சின்ன மோட்டார்கள், தேயக்கூடியவை. ப்ராப் அடியில் ஒரு தலைமுடி சுற்றியிருந்தால்கூட எண் மாறும்.

சதவீதம் என்பது ட்ரோன் போடும் ஒரு மதிப்பீடு. அதை மட்டும் நம்ப மனம் வராமல், சார்ஜரில் ஒரு யூஎஸ்பி மீட்டரையும் செருகி, ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் எவ்வளவு மில்லிஆம்பியர்-மணி திரும்ப ஏறுகிறது என்று குறித்துக்கொண்டேன். பாகம் மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் திரும்ப ஏறியது கிட்டத்தட்ட ஒரே அளவு. அப்படியானால் பேட்டரியிலிருந்து போனது ஒன்றுதான், அதைச் செலவழித்த வேகம்தான் மாறியிருக்கிறது. நேரக் குறைவு உண்மையானது என்பதற்கு இது நல்ல சாட்சி.

சரி, கால்களுக்கு வருவோம். முதல் வடிவத்தில் நான்கு கால்கள், காலும் காலும் விரிந்துவிடாமல் இருக்க அவற்றை இணைக்கும் நான்கு பட்டைகள். பட்டை ஒவ்வொன்றும் 8 மில்லிமீட்டர் அகலம், 1.2 மில்லிமீட்டர் தடிமன், தரைக்கு இணையாகப் படுத்தபடி. படுத்திருந்தால் அச்சடிப்பது எளிது, பார்க்கவும் நன்றாக இருக்கும். மொத்தம் 5 கிராம். மாட்டி நிறுத்தினால் நேரம் 9 நிமிடம் 35 நொடி பக்கம் வந்து நின்றது. கிட்டத்தட்ட ஒன்றரை நிமிடம் போய்விட்டது.

வெறும் 5 கிராம் இவ்வளவு தின்னுமா? கணக்கு அப்படிச் சொல்லவில்லை. அந்தரத்தில் நிற்பதற்கு ப்ராப்கள் கொடுக்க வேண்டிய திறன், எடையின் 1.5ஆம் அடுக்குக்கு ஏற்ப ஏறும். எடை 10 சதவீதம் கூடினால் திறன் சுமார் 15 சதவீதம் கூடும். 80இல் 5 என்றால் எடை 6 சதவீதம் சொச்சம், திறன் 9 சதவீதம் சொச்சம். வைஃபை, கேமரா, சிப் இவை குடிப்பது எடையைப் பொறுத்து மாறாது என்பதால் மொத்தச் செலவு அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் ஏறும். 11 நிமிடம் பத்தேகால் நிமிடமாகக் குறையலாம். ஒன்பதரைக்கு இறங்க நியாயம் இல்லை.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு நாணயம் போதும். ரூபாய் குறியீட்டோடு 2011இல் வந்த வரிசையின் இரண்டு ரூபாய் நாணயம் 4.85 கிராம். டேப்போடு சேர்த்தால் ஏறக்குறைய 5 கிராம், தராசும் அதையே சொன்னது. கால்களை எல்லாம் கழற்றிவிட்டு, நாணயத்தை டெல்லோவின் முதுகில், நான்கு மோட்டார்களுக்கும் சரி நடுவில் ஒட்டிப் பறக்கவிட்டேன். நேரம் 10 நிமிடம் 15 நொடி பக்கம் வந்தது. கணக்கும் நாணயமும் ஒத்துப்போகின்றன. அப்படியானால் மீதி 40 நொடியைத் தின்றது கால்களின் எடை இல்லை, அவை இருக்கும் இடம்.

ப்ராப் காற்றைக் கீழே தள்ளித்தான் ட்ரோன் நிற்கிறது. அந்தக் காற்றின் வழியில் ஒரு பட்டை குறுக்கே படுத்திருந்தால், காற்று அதன்மேல் மோதி அதைக் கீழே அமுக்கும். டெல்லோவின் ப்ராப் 3 அங்குல விட்டம். நான்கின் பரப்பையும் 80 கிராமையும் வைத்துக் கணக்குப் போட்டால், ப்ராப் தளத்தைக் கடக்கும் காற்றின் வேகம் நொடிக்கு 4 மீட்டருக்குச் சற்று மேல். கீழே போகப் போகத் தாரை ஒடுங்கி, அதன் இரட்டிப்பை நோக்கி ஏறும். என் பட்டை இருக்கும் இடத்தில் நொடிக்கு 7 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பட்டையிலும் காற்றுக்கு எதிரே நிற்கும் 40 மில்லிமீட்டர் நீளத்தின்மேல் விழும் விசை சுமார் 1 கிராம் எடைக்குச் சமம். நான்குக்கு 4 கிராம் சொச்சம். ட்ரோனுக்கு 5 கிராம் பாகம் 9 கிராமாகத் தெரிகிறது. 80உடன் 9ஐக் கூட்டித் திரும்பக் கணக்குப் போட்டால் ஒன்பதரை நிமிடத்தை ஒட்டியே வருகிறது.

அடுத்து செய்தது ஒரே ஒரு மாற்றம். அதே பட்டை, அதே நீளம், அதே எடை. படுத்திருந்ததை விளிம்பில் நிற்கவைத்தேன். இப்போது மேலிருந்து வரும் காற்று பார்ப்பது 8 மில்லிமீட்டர் அகலத்தை இல்லை, 1.2 மில்லிமீட்டர் விளிம்பை. நேரம் 10 நிமிடம் 5 நொடிக்கும் 10 நொடிக்கும் இடையே வந்தது. எடையில் ஒரு பொட்டுகூடக் குறைக்காமல் அரை நிமிடம் திரும்பக் கிடைத்தது. கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டு பாகமும் ஒன்றுதான், தராசில் வைத்தாலும் ஒன்றுதான். காற்றுக்கு மட்டும் இரண்டும் வேறு.

இதனால்தான் இணையத்தில் கிடைக்கும் வடிவங்களை வெறும் எடையை வைத்து ஒப்பிடுவது போதாது என்று சொல்கிறேன். இப்போது புதிதாக எதை வரைந்தாலும் முதலில் அதை நேர்மேலிருந்து பார்க்கிறேன். ப்ராப் வட்டங்களுக்குள் எவ்வளவு பரப்பு தெரிகிறதோ அதுதான் குறைக்க வேண்டிய முதல் எண், கிராம் அதற்குப் பிறகு. மோட்டாருக்கு நேர் கீழே மறைந்திருக்கும் பாகத்துக்கு இந்தத் தண்டனை கிடையாது, கூடு ஏற்கெனவே அந்த இடத்தை மறைத்துக்கொண்டிருக்கிறது. அதனால் கால் செங்குத்தாகக் கூட்டின் நிழலிலேயே இறங்கட்டும், வெளியே நீட்டிக்கொண்டு வர வேண்டாம்.

எடையையும் குறைக்க முடிந்தது. பட்டையின் உயரத்தை 8இலிருந்து 5 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்து, கால்களின் நடுவைக் குடைந்ததில் கால் செட் முழுவதும் 3.2 கிராம் ஆனது. பட்டையின் தடிமனை 1.2க்குக் கீழே கொண்டுபோகவில்லை. பிளாஸ்டிக் வெளிவரும் 0.4 மில்லிமீட்டர் நாசிலில் அது சரியாக மூன்று கோடு. இரண்டு கோடாக்கினால் ஒருமுறை பலமாக இறங்கியதும் அடுக்கு பிரிந்து வருகிறது. பட்டைகளைத் தனியாக, நீளம் மேசையோடு படியும்படி வைத்து அச்சடித்துப் பிறகு காலில் செருகுகிறேன். அப்போதுதான் பிளாஸ்டிக் இழை நீளவாக்கில் ஓடும், வலு இருக்கும்.

காலை மாட்டியதும் பறக்கும் முன் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. ட்ரோனை ஒரு மேசை விளிம்பில், அடிச்சென்சார் வெளியே தெரியும்படி வைத்து, தரைத் தூரத்தின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். கால் மாட்டிய பின் அதே உயரத்துக்கு மறுபடி பாருங்கள். பட்டை எங்காவது சென்சாரின் பார்வையில் விழுந்தால் எண் குதிக்கும். அந்த நிலையில் பறக்கவிட்டால் ட்ரோன் உயரத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு கூரையைப் பார்த்துக் கிளம்பிவிடும்.

கண்ணாடி அவ்வளவு பேச வேண்டிய விஷயம் இல்லை. நிஜக் கண்ணாடி கனம், உடைந்தால் ஆபத்து. 1 மில்லிமீட்டர் அக்ரிலிக் கண்ணாடித் தகடு கடைகளில் கிடைக்கிறது, எடை பாதிக்கும் கீழே. ஒட்டுவதற்கு ஃபெவிக்விக் போன்ற பசை வேண்டாம். அதன் ஆவி பக்கத்தில் வெள்ளைப் படலமாகப் படிந்து கண்ணாடியை மங்கவைக்கும். கேமரா லென்ஸ் பக்கத்திலேயே இருப்பதால் அதற்கும் ஆபத்து. இருபுற டேப் போதும். தாங்கும் கை மெல்லியதாக இருந்தால் ப்ராப் அதிர்வில் கண்ணாடி நடுங்கிப் படம் கலங்கும். கைக்கு அடியில் ஒரு முக்கோண முட்டு கொடுத்ததும் படம் நின்றது. கண்ணாடியும் பிடிப்பும் சேர்ந்து 3.4 கிராம். இது மூக்கில் உட்காருவதால் முன் மோட்டார்கள் இரண்டுக்கும் வேலை கூடுதல். பின்னால் எதிர் எடை வைப்பது வீண் கனம், நான் வைக்கவில்லை. பிடிப்பைக் கேமராவுக்கு எவ்வளவு நெருக்கமாகக் கொண்டுவர முடியுமோ அவ்வளவு கொண்டுவந்தேன். நெருங்க நெருங்க அதே பார்வைக்குச் சின்னக் கண்ணாடியே போதும் என்பதால் எடையும் கூடவே குறைந்தது.

கண்ணாடி வழியாக வரும் படம் மேல்கீழாகப் புரண்டிருக்கும். படத்தின் மேல் பக்கம் தெரிவது ட்ரோனின் பின்பக்கத் தரை. படங்களைக் கையாளும் ஓபன்சிவி நிரல்தொகுப்பின் ஃப்ளிப் செயல்பாட்டில் பூஜ்யம் கொடுத்துப் புரட்டிவிட்டால், மேலே முன்பக்கம், இடம் இடமாகவே, வலம் வலமாகவே வந்துவிடும். இதைச் செய்யாமல் டேப்பைத் தொடரவைத்தால், ட்ரோன் கடந்துபோன வளைவுக்குத் திரும்பப் பார்க்கும்.

காலும் கண்ணாடியும் சேர்ந்து 6.6 கிராம். நாணயத்தில் கிடைத்த வீதத்தை வைத்து 10 நிமிடம் பக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன், 9 நிமிடம் 50 நொடிப் பக்கம் வந்தது. பிள்ளைகள் ஓட்டும்போது 8 நிமிடத்தில் தானாக இறங்கும்படி நிரலில் எழுதிவைத்திருக்கிறேன். பேட்டரியை அடிவரை வற்றவிடாமல் இருந்தால் அது கூடுதல் நாள் உழைக்கும், இறங்கும்போது கையில் கொஞ்சம் மிச்சமும் இருக்கும். அடுத்து ப்ராப்புக்குப் போடும் காப்பு வளையத்தைச் சோதிக்க வேண்டும். வளையம் ப்ராப் வட்டத்துக்கு வெளியே இருக்கிறது, அதனால் பெரிய தொந்தரவு இருக்காது. அதைத் தாங்கும் கைகள்தான் காற்றின் குறுக்கே வருகின்றன. அதே எடைக்குக் களிமண்ணை நடுமுதுகில் ஒட்டி ஒரு பறப்பு, வளையத்தோடு ஒரு பறப்பு, எதுவும் இல்லாமல் ஒரு பறப்பு. அந்த மூன்று எண்ணும் வந்த பிறகுதான் கையின் வடிவத்தில் கைவைப்பேன்.